கல்யாண வீடியோ எடிட்டிங்: 8 ஜிபி ஜிடிடிஆர்7 கார்டா, 16 ஜிபி ஜிடிடிஆர்6 கார்டா?

கீழக்கரை ஸ்டுடியோ:
கீழக்கரையில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன், கல்யாண வீடியோதான் பிழைப்பு. பாதிச் சொந்தம் துபாயில் உட்கார்ந்து பார்ப்பதால் இப்போதெல்லாம் 4கே இல்லாமல் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. என்னிடம் இருக்கிற கிராபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி. டாவின்சி எடிட்டிங் சாஃப்ட்வேரில் கலர் பார்த்துவிட்டு நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் போதும், ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) மெமரி தீர்ந்துவிட்டது என்று சொல்லி நின்றுவிடுகிறது. ராமநாதபுரத்தில் விசாரித்தேன். கடைக்காரர் 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 5060-ஐக் காட்டி "ஜிடிடிஆர்7, புது மெமரி, அதனால்தான் இந்த விலை" என்கிறார். கொஞ்சம் மேலே போட்டால் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி வருகிறது, ஆனால் அது பழைய ஜிடிடிஆர்6. புது மெமரிக்குக் கொடுக்கிற காசு உண்மையிலேயே வேலையில் தெரியுமா?

பாம்பன் பையன்:
அண்ணே, வேகம் கூடியது உண்மைதான். ஜிடிடிஆர்6 ஒரு துடிப்பில் ஒரு பிட் அனுப்பும். ஜிடிடிஆர்7-இல் மின்னழுத்தத்துக்கு மூன்று நிலைகள் வைத்து (பாம்3 என்பார்கள்) இரண்டு துடிப்பில் மூன்று பிட் அனுப்புகிறார்கள். முந்தைய 4060 கார்டில் மெமரி சிப்பின் ஒரு கம்பி முனைக்கு (பின்) நொடிக்கு 17 கிகாபிட், 5060-இல் 28. மெமரிக்கும் ஜிபியுவுக்கும் நடுவே டேட்டா போகிற பாதையைப் பஸ் என்பார்கள்; இரண்டுக்கும் பஸ் அகலம் அதே 128 பிட்தான், ஆனாலும் மொத்த வேகம் நொடிக்கு 272 ஜிபியிலிருந்து 448-க்கு ஏறிவிட்டது. பஸ்ஸை அகலப்படுத்தினால் ஜிபியு சிப்பும் பெரிதாகும், போர்டில் வயரிங்கும் கூடும், அது நிறையச் செலவு. வேகமான மெமரி கிடைத்தால் பஸ்ஸைக் குறுகலாகவே விட்டுவிடலாம். அதனால் புது மெமரி கம்பெனிக்கும் ஒரு பக்கம் மிச்சம்தான், அதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

மெமரி சிப் ஒன்றுக்கு 32 பிட். 128 பிட் என்றால் நாலு சிப், ஒவ்வொன்றும் 2 ஜிபி, மொத்தம் 8. விசைப்படகில் இன்ஜினை மட்டும் பெரிதாக மாற்றிவிட்டு மீன் போடுகிற ஐஸ் பெட்டியை அப்படியே விட்ட கதை. உங்களுக்கு இடிப்பது பெட்டியில்தான், இன்ஜினில் இல்லை. 16 ஜிபி கார்டில் போர்டின் பின்பக்கமும் நாலு சிப் ஒட்டியிருப்பார்கள், வேகம் கூடாது, இடம் இரட்டிப்பாகும். 3 ஜிபி சிப்பும் வந்துவிட்டது, ஆர்டிஎக்ஸ் 5090 உள்ள லேப்டாப்பில் எட்டே சிப்பில் 24 ஜிபி வைத்தது அதனால்தான். நம் பட்ஜெட்டுக்கு அது இறங்கி வரும் வரை காத்திருந்தால் முகூர்த்தம் எல்லாம் முடிந்துவிடும்.

தேரா துபாய்:
காக்கா, விலைக்கு ஜிடிடிஆர்7 மட்டும் காரணம் இல்லை. இந்த மெமரியைச் செய்கிறவர்களே முக்கியமாக மூன்று பேர்தான்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். ஏஐ சர்வர்களுக்குப் போகிற எச்பிஎம் மெமரியையும் அவர்களே செய்கிறார்கள். அதே அளவு ஜிபி எடுக்க எச்பிஎம்முக்குச் சாதாரண டிராம் மெமரியைவிடச் சுமார் மூன்று மடங்கு வேஃபர் (சிப் வெட்டி எடுக்கிற சிலிக்கான் தட்டு) வேண்டும், லாபமும் அதில்தான் அதிகம். அப்புறம் நமக்கு யார் செய்வார்? 2025 டிசம்பரில் மைக்ரான் தன் குரூஷியல் ராம் வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது. பழைய ஜிடிடிஆர்6-உம் இதே வரிசையில்தான் நிற்கிறது, அதனால் "பழையது மலிவாகும்" என்று காத்திருக்காதீர்கள். இங்கிருந்து வாங்கி வரவும் சொல்லாதீர்கள். என் மச்சானுக்கு ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன், கெட்டுப்போனதும் ஊரில் வாரண்டி கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

கீழக்கரை ஸ்டுடியோ:
அப்போ 9060 எக்ஸ்டி 16 ஜிபியே போதுமா? புது கேமராவில் 4:2:2 10 பிட்டில்தான் (நிற விவரம் கூடுதலாகப் பதிகிற முறை) எடுக்கிறேன்.

பாம்பன் பையன்:
அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா அண்ணே! 4:2:2 வீடியோவை ஹார்ட்வேரிலேயே டீகோட் செய்வது (சுருக்கிய வீடியோவைப் பிரித்துக் காட்டுவது) ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் வந்துவிட்டது, 9060 எக்ஸ்டியில் இல்லை. டைம்லைனில் இழுத்தால் திக்கும். உங்கள் பிராசசர் இன்டெல் 11-ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல், உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது, கேமராவும் எச்இவிசி (எச்.265) என்ற வீடியோ ஃபார்மட்டில் பதிகிறது என்றால் அந்தக் கிராபிக்ஸே டீகோட் பண்ணிவிடும், தைரியமாக 9060 எக்ஸ்டி வாங்கலாம். இல்லையென்றால் 5060 டிஐ 16 ஜிபி. 8 ஜிபி டிஐயும் அதே பெயரில் விற்கிறது, அட்டைப்பெட்டியில் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். அப்புறம் கடல் காற்று. பாம்பனில் என் பழைய கார்டின் பின் தகடு இரண்டு வருடத்தில் துருப்பிடித்துவிட்டது, ஜன்னல் பக்கம் கேபினட்டை வைக்காதீர்கள்.

கீழக்கரை ஸ்டுடியோ:
பார்த்துவிட்டேன், என்னுடைய பிராசசர் இன்டெல் 12400எஃப். எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லையாமே. சரி, 5060 டிஐ 16 ஜிபிதான். அடுத்த வாரம் ஒரு நிக்காஹ் பாக்கிப் பணம் வரவேண்டியிருக்கிறது, வந்ததும் மதுரைக்குப் போகிறேன்.