உகாண்டா: கொரில்லா, சிம்பன்சி, கசுபி – போய்வந்தவர்கள் பகிர்வு (ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

மூங்கில்

கொரில்லா பார்க்க உகாண்டாவின் பிவிண்டி காட்டுக்குக் கிளம்புபவர்கள் விமான டிக்கெட்டுக்கு முன்னால் பெர்மிட்டைப் பிடியுங்கள். வெளிநாட்டவருக்கு 800 டாலர். பக்கத்து ருவாண்டாவில் இதே மலைக் கொரில்லாவைப் பார்க்க 1500. ஒரு கொரில்லாக் குடும்பத்துக்கு நாளொன்றுக்கு எட்டுப் பேர், ஒரு மணி நேரம், அவ்வளவுதான். மழை குறைந்த ஜூன்–செப்டம்பருக்கான பெர்மிட்டுகள்தான் முதலில் தீரும். 15 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் விடுவார்கள், கெஞ்சிப் பயனில்லை.

அதிகம் பேர் கோட்டை விடும் இடம் வேறு. பெர்மிட்டில் காட்டின் எந்த வாசல் என்று போட்டிருக்கும்: புஹோமா, ருஹிஜா, ருஷாகா, ங்குரிங்கோ. வரைபடத்தில் நான்கும் அக்கம்பக்கம்தான், ஆனால் சாலை மலையைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. ருஷாகாவுக்குப் பெர்மிட்டும் புஹோமாவில் அறையும் எடுத்தால் காலை எட்டு மணி விளக்கக் கூட்டத்துக்குப் போய்ச் சேர முடியாது, பணமும் போச்சு. ஆகவே முதலில் பெர்மிட், அப்புறம் அதே வாசலில் தங்குமிடம்.

ருஷாகா, ங்குரிங்கோ என்றால் ருவாண்டாவின் கிகாலியிலிருந்து வர, உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவிலிருந்து வரும் நேரத்தில் பாதிகூட ஆகாது. அப்படி வருபவர்களுக்கு 100 டாலர் கிழக்கு ஆப்பிரிக்க விசா சரி. உகாண்டா, ருவாண்டா, கென்யா மூன்றுக்கும் 90 நாள் செல்லும். ஆனால் எந்த நாட்டில் முதலில் இறங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

சாம்பல் கிளி

நடையைப் பற்றி நான் சொல்கிறேன். "அரை மணியில் பார்த்தோம்" என்பவரும் உண்டு, "ஆறு மணி நேரம்" என்பவரும் உண்டு. இரண்டுமே உண்மை. கொரில்லா ஒவ்வொரு இரவும் புதிதாகப் படுக்கை பின்னும். தேடுபவர்கள் விடிந்ததும் முந்தைய இரவின் படுக்கைக்குப் போய், ஒடிந்த தண்டு, புதுச் சாணம், மிதிபட்ட செடி என்று தடம் பிடித்து வாக்கிடாக்கியில் வழிகாட்டிக்குச் சொல்வார்கள். குடும்பம் எந்தச் சரிவில் மேய்கிறதோ அதைப் பொறுத்தது உங்கள் நடை. முழங்கால் பலவீனம் என்றால் காலையிலேயே சொல்லிவிடுங்கள், கிட்டத்தில் இருக்கும் குடும்பத்தை ஒதுக்கப் பார்ப்பார்கள்.

பாதை என்று ஒன்று கடைசிவரை இருக்காது. முன்னால் போகிறவர் கத்தியால் வெட்டி விடுவதுதான் பாதை. காலடியில் மண் தெரியாது, கொடிமெத்தைமேல் நடக்கிறீர்கள், சில இடத்தில் கால் தொடைவரை உள்ளே போகும். எதைப் பிடித்தாலும் முள் அல்லது காஞ்சொறி, அதனால் தோட்டவேலைக் கையுறை அவசியம். பேன்ட்டைக் காலுறைக்குள் செருகுங்கள். படையெறும்பு ஏறினால் ஒன்றும் இரண்டுமாக ஏறாது. தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். போர்ட்டர் ஒருவரை 20 டாலர் அளவில் அமர்த்துங்கள். பையைச் சுமப்பது சின்ன விஷயம், சேற்றுச் சரிவில் கையைப் பிடித்து மேலே இழுப்பவர் அவர்தான்.

அருகில் போனதும் பையையும் கைத்தடியையும் விட்டுவிட்டு முகக்கவசம் போடச் சொல்வார்கள். பத்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். நம் சளி கொரில்லாவுக்கு உயிர்க்கொல்லி. உலகில் மலைக் கொரில்லா இருப்பதே ஆயிரத்துச் சொச்சம், அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு இந்தக் காட்டில். குட்டி உங்களைத் தொட வந்தால் நீங்கள்தான் பின்வாங்க வேண்டும். வெள்ளிமுதுகு ஆண் (முதுகு நரைத்த குடும்பத் தலைவன்) மார்பில் அறைந்து, செடியைப் பிடுங்கி, நேரே பாய்ந்து வரும். பெரும்பாலும் சில அடி முன்பே நின்றுவிடும். அப்போது ஓடினால் கெட்டது. குந்தி உட்கார்ந்து தரையைப் பாருங்கள், வழிகாட்டிக்குப் பின்னால் இருங்கள். அவர் தொண்டையைக் கனைப்பதுபோல் ஓர் ஒலி எழுப்புவார். "வம்புக்கு வரவில்லை" என்று கொரில்லா மொழியில் சொல்வது அது.

லென்ஸ்மூடி

படம் எடுப்பவர்களுக்கு: 400 மி.மீ. லென்ஸைத் தூக்கிப் போகாதீர்கள். பத்து மீட்டரில் 70–200 தாராளம். ஃபிளாஷ் கூடாது. காடு இருட்டு என்பதால் ஐஎஸ்ஓ 3200-ல் ஆரம்பித்து, ஷட்டர் 1/250-க்குக் கீழே விடாதீர்கள். கருத்த உடம்பைப் பார்த்து கேமரா தேவைக்கு மேல் வெளிச்சம் ஏற்றும், ரோமம் சாம்பல் பூத்துவிடும். எக்ஸ்போஷரை −0.7 அல்லது −1 வைத்தால் கருப்பு கருப்பாக வரும்.

கிபாலே காட்டுச் சிம்பன்சிக்கு இதெல்லாம் செல்லாது. பழம் உச்சிக்கிளையில் இருந்தால் அதுவும் அங்கேதான், உங்களுக்குக் கழுத்து வலியும் வானப் பின்னணியும் மிச்சம். கீழே இறங்கினால் நீங்களும் கூடவே ஓட வேண்டும். ஆனால் கூட்டம் முழுக்க ஒரே நேரத்தில் கூவி, மரத்தின் பலகை வேரில் உதைத்து முழக்கும் சத்தம் இருக்கிறதே, அதற்கே போகலாம். கேமராவை மூடிவிட்டுக் கேளுங்கள்.

முத்துபா

எல்லோரும் கம்பாலாவில் இறங்கியவுடனே மேற்கே ஓடுகிறீர்கள். கசுபி கல்லறைக்கு அரை நாள் ஒதுக்குங்கள். உகாண்டாவுக்குள் இருக்கும் பழைய அரசான புகாண்டாவின் மன்னர்கள் நான்கு பேர் அடங்கிய இடம். பெரிய புல்வீடு 2010 மார்ச் 16 அன்று எரிந்தது. மீட்டெடுத்து, 2023-ல்தான் யுனெஸ்கோவின் 'ஆபத்தில் உள்ள உலகப் பாரம்பரியச் சின்னங்கள்' பட்டியலிலிருந்து வெளியே வந்தது. ஏன் இவ்வளவு காலம் என்றால், கூரை வேய்வது ங்கேயே குலத்தாரின் உரிமை. அந்தக் கைப்பழக்கமே அருகிப் போயிருந்தது. உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பாருங்கள்: கூரையைத் தாங்கும் 52 வளையங்கள், குலத்துக்கு ஒன்று. எதிரே தொங்கும் மரப்பட்டைத் துணிக்கு அப்பால் இருப்பது மன்னர் ஆவிகளின் 'காடு'. அதற்குள் போகக் கூடாது. செருப்பைக் கழற்றி, பாயில் காலை மடக்கி உட்கார வேண்டும். பெண்களுக்குப் பேன்ட் ஆகாது, நீளப் பாவாடையோ சுற்றிக்கொள்ளத் துணியோ கொண்டு போங்கள்.

உள்ளே தொங்கும் அந்த மரப்பட்டைத் துணி, முத்துபா என்ற அத்தி வகை மரத்தின் பட்டை. பட்டையை உரித்தவுடன் மரத்துக்கு வாழையிலையால் கட்டுப் போடுகிறார்கள், பட்டை மறுபடி வளர்கிறது. உரித்ததை வரிவெட்டிய மரச்சுத்தியலால் நிழலில் அடித்து விரித்து, வெயிலில் போட்டால் செம்மண் நிறம் ஏறும்.

மூங்கில்

விட்டுப்போனது: மஞ்சள் காய்ச்சல் ஊசி, பயணத்துக்குப் பத்து நாளாவது முன்பு. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டதற்கான சான்று அட்டை இல்லாமல் திரும்பினால் இந்தியாவில் ஆறு நாள்வரை தனிமைப்படுத்துவார்கள், அதனால் அட்டையைப் பெட்டியில் போடாமல் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். டாலர் நோட்டு 2009-க்குப் பிந்தியதாக, மடிப்பு கிழிசல் இல்லாமல் இருக்கட்டும். மற்றதை வாங்க மறுப்பார்கள் அல்லது குறைந்த மதிப்புக்கே எடுப்பார்கள். மர்ச்சிசன், குயின் எலிசபெத் தேசியப் பூங்காக்கள் பக்கம் போகிறவர்களுக்குக் கருநீலச் சட்டை வேண்டாம், கடிக்கும் செட்சி ஈ அந்த நிறத்தைத் தேடித்தான் வரும். காக்கியோ வெளிர் பழுப்போ போடுங்கள்.