கார்பன் மோனாக்சைடுக்கு ஏன் மூணு கோடு? புள்ளிப் படம் புரியல, உதவுங்க

கேள்வி – பதினொன்றாம் வகுப்பு மாணவியின் அம்மா

வணக்கம். மகள் தமிழ் வழியில படிக்கிறா. நான் பி.காம்., ஜவுளிக்கடையில கணக்கு எழுதுறேன். ராத்திரி பாத்திரம் கழுவி முடிச்சதும் அவளோட உட்கார்ந்து பாடம் பார்ப்பேன். வேதிப்பிணைப்பு பாடம் வந்ததிலிருந்து ரெண்டு பேருமே திணறுறோம்.

எலக்ட்ரானைப் புள்ளியாவும் பிணைப்பைக் கோடாவும் போடுற படத்துல தண்ணீர், அம்மோனியா, மீத்தேன் எல்லாம் சரியா போட்டுடுறா. கார்பன் மோனாக்சைடு வந்தா மட்டும் நடுவுல ரெண்டு கோடு போடுறா. "ஆக்சிஜனுக்கு ரெண்டு கைதானேம்மா"ங்கிறா. புத்தகத்துல மூணு கோடு இருக்கு. தேர்வுத்தாள்ல சிவப்பு மையில அடிச்சிருக்காங்க, காரணம் எழுதல.

ஓசோனுக்கு ரெண்டு படம் போட்டு நடுவுல அம்புக்குறி வெச்சிருக்கு. "இதுல எதும்மா நிஜம்?"னு கேட்டா. எனக்குச் சொல்லத் தெரியல. மனப்பாடம் பண்ணுன்னு சொல்லவும் மனசு வரல. யாராவது புரியற மாதிரி சொல்லுங்க.

பதில் – ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர், கரூர்

அம்மா, உங்க மகள் கேட்ட ரெண்டுமே இந்தப் பாடத்தோட உயிர்நாடியான கேள்விங்க. மனப்பாடம் பண்ணச் சொல்லாம விட்டீங்களே, அதுக்கே உங்களுக்கு நன்றி.

"ரெண்டு கை, நாலு கை"ங்கிறது சின்ன வகுப்புல நாங்க சொல்லிக்கொடுக்கிற வழி. நானும் சொல்லியிருக்கேன். தண்ணீருக்கு அது போதும். இங்க கையை எண்ணாம எலக்ட்ரானை எண்ணணும்.

என் வகுப்புல ஒரு டப்பா நிறைய புளியங்கொட்டை வெச்சிருப்பேன். நீங்களும் எடுத்துக்கோங்க. ஒரு கொட்டை ஒரு எலக்ட்ரான். கார்பனோட வெளிக்கூட்டுல 4, ஆக்சிஜனுக்கு 6. முடிவுல ஒவ்வொரு அணுவைச் சுத்தியும் எட்டு வரணும்; நடுவுல இருக்கிறதை ரெண்டு பேருக்கும் எண்ணணும். பத்துக் கொட்டையை எண்ணி வெளியில எடுத்துட்டு டப்பாவை மூடிடுங்க. மூடுறது முக்கியம். பிள்ளைங்க செய்யுற தப்புல பாதி, நடுவுல ரெண்டு புள்ளியைக் கூடுதலா சேர்க்கிறதுதான். நீங்க கணக்கு எழுதுறவங்க, உங்களுக்குச் சொல்லவே வேண்டாம்: தொடக்க இருப்பு 10, இறுதி இருப்பும் 10.

தாள்ல கார்பனும் ஆக்சிஜனும் எழுதி, நடுவுல ரெண்டு கொட்டை வையுங்க. ஒரு பிணைப்பு, அதாவது ஒரு கோடு ஆச்சு. ஆக்சிஜனைச் சுத்தி ஆறு. மிச்சம் ரெண்டு, அது கார்பன் பக்கம். இப்ப எண்ணினா ஆக்சிஜனுக்கு 8 இருக்கு, கார்பனுக்கு 4தான். ஆக்சிஜன் மேல இருக்கிற ஒரு ஜோடியை விரலால நடுவுக்குத் தள்ளுங்க. ஆக்சிஜனுக்கு அப்பவும் எட்டு குறையாது, கார்பனுக்கு 6 ஆயிடும். உங்க மகள் போட்ட படம் இதுதான்! அவ தப்பான வழியில போகல, ஒரு படி முன்னாடி நின்னுட்டா. இன்னொரு ஜோடியையும் தள்ளச் சொல்லுங்க. நடுவுல ஆறு, ரெண்டு ஓரத்துலயும் ரெவ்வெண்டு. மொத்தம் பத்து, ரெண்டு பேருக்கும் எட்டு.

"ஆக்சிஜன் எப்படி மூணு பிணைப்பு போடும்?"னு அடுத்து கேப்பா, கேக்கணும். தனி ஜோடியை முழுசா எண்ணுங்க, பிணைப்புல இருக்கிறதைப் பாதியா எண்ணுங்க. ஆக்சிஜன்கிட்ட 2 + 3 = 5. அது கொண்டு வந்தது 6, ஒண்ணு குறையுது, அதனால +1. கார்பன்கிட்டயும் 5, கொண்டு வந்தது 4, அதனால −1. இதுக்குப் பேர்தான் முறைசார் மின்சுமை. எலக்ட்ரானை இழுக்கிற ஆக்சிஜனுக்கு நேர்க்குறியான்னு தோணும். ஆனா அளந்து பார்த்தா, அந்த மூலக்கூறோட இருமுனைத் திருப்புத்திறன் (ரெண்டு முனைக்கும் மின்சுமை எவ்வளவு பிரிஞ்சிருக்குங்கிற அளவு) ரொம்பச் சின்னது, எதிர்மின் முனை கார்பன் பக்கம்தான் இருக்கு. பிணைப்பு நீளமும் 113 பிக்கோமீட்டர் (ஒரு மீட்டரை லட்சம் கோடியாப் பிரிச்சா ஒரு பங்கு). இரட்டைப் பிணைப்பு போடுற கார்பன் டை ஆக்சைடுல 116. கோடு கூடினா நீளம் குறையும். மூணாவது கோடு சும்மா கணக்குச் சரிக்கட்ட வந்ததில்ல.

கார்பன் ஓரத்துல இருக்கிற அந்த ஒரு ஜோடியை மகளுக்கு விரல் வெச்சுக் காட்டுங்க. மூடின அறையில கரியடுப்பு வெச்சா உயிர் போறதுக்குக் காரணம் அதுதான். இந்த வாயு ரத்தத்துல ஹீமோகுளோபினோட இரும்பைப் பிடிச்சுக்கிறது கார்பன் முனையால, அந்த ஜோடியைக் கொடுத்து. ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கு மேல இறுக்கமாப் பிடிக்கும். படம் போட்டவளுக்கு எந்த முனை ஒட்டும்னு யாரும் சொல்ல வேண்டியதில்ல.

ஓசோனுக்கு வருவோம். மூணு ஆக்சிஜன், 18 கொட்டை. வெச்சுப் பார்த்தா ஒரு பக்கம் ஒற்றை, மறுபக்கம் இரட்டை. எந்தப் பக்கம் இரட்டை வரணும்னு கேட்டா காரணமே கிடைக்காது. அதான் ரெண்டு படம். நிஜத்துல ரெண்டு பிணைப்பும் ஒரே நீளம், 128 பிக்கோமீட்டர். ஆக்சிஜன் வாயுவோட இரட்டைப் பிணைப்பு 121, ஹைட்ரஜன் பெராக்சைடுல இருக்கிற ஒற்றைப் பிணைப்பு ஏறக்குறைய 147. இது ரெண்டுக்கும் இடையில நிக்குது. ஒரு ஜோடி மூணு அணு மேலயும் பரவி நிக்குது. அப்படிப் பரவினதை எழுத நம்ம புள்ளி முறையில குறியீடு கிடையாது, ஒரு ஜோடியை ரெண்டு அணுவுக்கு நடுவுலதான் வைக்க முடியும். அதனால ரெண்டு படமும் சேர்ந்து ஒரே மூலக்கூறைச் சொல்லுது. அது இதுவாவும் அதுவாவும் மாறி மாறி ஓடுறதில்ல. அம்பு ஒண்ணேதான், ரெண்டு முனையிலயும் கூர். சமநிலைக்குப் போடுற எதிரெதிர் ரெண்டு அம்பைப் போட்டுடாம பார்த்துக்கோங்க.

பதில் – உயர்தர (பள்ளி இறுதி நிலை) மாணவர்களுக்கு வகுப்பெடுக்கிறவர், யாழ்ப்பாணம்

ஐயா சொன்னது அருமை. நாங்கள் இஞ்ச எலக்ட்ரானை இலத்திரன், தனி ஜோடியைத் தனிச்சோடி, ஓசோனுக்கு ரெண்டு படம் போடுறதைப் பரிவு எண்டு சொல்லுவம். விசயம் ஒண்டுதான்.

எங்கட பிள்ளையள் ஒரு அணுவின்ர இலத்திரனைப் புள்ளியாலும் மற்றதின்ரயைப் புள்ளடியாலும் (பெருக்கல் குறி) கீறிப் பழகினவை. தொடங்கேக்க அது நல்லது. ஆனா காபனோரொட்சைட்டுக்கு வந்த உடன, "இந்தச் சோடியில ஆர் எவ்வளவு குடுத்தது" எண்டு மாட்டுப்படுவினம். சேர்ந்தாப் பிறகு இலத்திரனில ஊர் பேர் இல்லை அக்கா. எல்லாத்தையும் ஒரே புள்ளியாப் போடச் சொல்லுங்கோ, பாதிச் சிக்கல் போயிடும்.

அயன் (அயனி) வந்தா ஏற்றத்தையும் (மின்சுமை) எண்ண மறக்கக்கூடாது. நைத்திரேற்றில (நைட்ரேட்) நைதரசனுக்கு 5, மூண்டு ஒட்சிசனுக்கும் 18, எதிரேற்றத்துக்கு ஒண்டு, மொத்தம் 24. அந்த ஒண்டை விட்டிட்டு விடியும் வரைக்கும் கீறிக்கொண்டிருந்த பிள்ளையளை எனக்குத் தெரியும்.

மாணவியின் அம்மா

ஐயா, நேத்து ராத்திரி பதினொன்றரை வரைக்கும் கொட்டையோடதான் உட்கார்ந்திருந்தோம். பத்துக் கொட்டையைத் தள்ளி மூணாவது ஜோடி நடுவுல வந்ததும் "அட, நைட்ரஜன் மாதிரியே இருக்கு!"ன்னா. அதுக்கும் பத்துதானாம், அவளே எண்ணிட்டா. யாழ்ப்பாணத்துல இருந்து சொன்ன நைத்திரேற்றும் போட்டாச்சு, 24 சரியா வந்துச்சு. மூணு படம் வருதுங்கிறா.

ஆனா நைட்ரிக் ஆக்சைடு போட்டப்ப 11 வந்துச்சு. ஒரு கொட்டை கையிலயே நின்னுடுச்சு. எங்கயோ தப்புன்னு நாலு தரம் எண்ணினோம்.

கரூர் ஆசிரியர்

தப்பே இல்லைங்க அம்மா. 5 + 6 = 11, ஒற்றைப்படை. ஒரு எலக்ட்ரான் துணையில்லாமதான் நிக்கும். அதை நைட்ரஜன் மேல வையுங்க. நைட்ரஜனுக்கு ஏழுதான் வரும், அப்படியே விடுங்க.

இந்த முறையைக் கொடுத்தவர் கில்பர்ட் லூயிஸ், கலிபோர்னியாவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துல இருந்தவர். கட்டுரை வந்தது 1916ல. எலக்ட்ரான் எப்படி நடந்துக்கும்னு கணக்காச் சொல்ற ஷ்ரோடிங்கர் சமன்பாடு வர இன்னும் பத்து வருஷம் இருந்தப்பவே, ஜோடிதான் பிணைப்புன்னு சொல்லிட்டார். எனக்கு இன்னைக்கும் மலைப்பா இருக்கு. அவர் படம் எட்டாத இடமும் உண்டு. ஆக்சிஜன் வாயுவுக்கு 12 கொட்டை வெச்சா எல்லாமே ஜோடியா, அழகா வரும். ஆனா திரவ ஆக்சிஜனைக் காந்த முனைகளுக்கு நடுவுல ஊத்தினா அங்கேயே ஒட்டி நிக்கும். ஜோடி சேராத எலக்ட்ரான் ரெண்டு உள்ள இருக்கு. அது ஏன்னு மூலக்கூறு ஆர்பிட்டால் பகுதியில படிப்பா. அதுக்காக இந்தப் படத்தைத் தூக்கிப் போட வேண்டாம்.

தனியா நிக்கிற கொட்டைக்கு என்ன ஆகும்னு மகளுக்கு ஒரு வேலை. நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு 17, அங்கயும் ஒண்ணு தனி. செம்பை அடர் நைட்ரிக் அமிலத்துல போட்டா பழுப்பாப் பொங்கி வருமே, அந்த வாயுதான். அதை மூடின குழாய்ல அடைச்சுப் பனிக்கட்டியில வெச்சா பழுப்பு வெளுத்துடும். ரெண்டு மூலக்கூறுக்கும் சேர்த்து 34 கொட்டை எடுத்துக்கட்டும். எந்த ரெண்டு அணுவுக்கு நடுவுல புதுப் பிணைப்பு வருதுன்னு வெச்சுப் பார்த்துட்டு, நாளைக்கு எழுதச் சொல்லுங்க.