ஈ-டைப் ரோட்ஸ்டர்: சேஸிஸ் எண் 1961 என்கிறது, தரை வேறு கதை சொல்கிறது. உதவி தேவை

நீலத்தேடல் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். ஜாகுவார் ஈ-டைப் ரோட்ஸ்டர் (கூரை திறக்கும் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றை வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறேன். 3.8 லிட்டர், இடப்பக்க ஸ்டீயரிங். "1961 வண்டி, எல்லா நம்பரும் ஒத்துப்போகும்" என்கிறார் விற்பவர், அதாவது முக்கிய பாகங்கள் எல்லாம் தொழிற்சாலையில் போட்டவையே என்கிறார். ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட் கொடுத்த சான்றிதழையும் காட்டினார். 1961 அக்டோபரில் தயாராகி நியூயார்க் விநியோகஸ்தருக்குப் போன வண்டி என்று அதில் இருக்கிறது. முதல் நிறம் ஓபலசென்ட் டார்க் ப்ளூ, மினுமினுக்கும் கருநீலம். இப்போது வண்டி சிவப்பு.

நேற்று டார்ச் அடித்து மூன்று மணி நேரம் பார்த்தேன். சேஸிஸ் எண் 875-ல் தொடங்குகிறது, சான்றிதழோடு சரி. என்ஜின் பிளாக்கில் ஆயில் ஃபில்டருக்கு மேலே இருக்கும் என்ஜின் எண் 'ஆர்' என்று தொடங்கி -9 என்று முடிகிறது, அதுவும் சரி. இபி என்று தொடங்கும் கியர்பாக்ஸ் எண்ணும் சரி.

மூன்று விஷயம் இடிக்கிறது. சிலிண்டர் ஹெட்டின் முன்முனையில் இருக்கும் எண் 'இசட்ஏ' என்று தொடங்கி -8 என்று முடிகிறது, பிளாக்கில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகவில்லை. ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் தரை பள்ளமாக இருக்கிறது. 1961 வண்டிக்குத் தட்டையாக இருக்க வேண்டும் என்று படித்திருக்கிறேன். பாடி நம்பர் தகடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டைகள் மட்டும்தான். இது உண்மையிலேயே அந்த வண்டிதானா? ஒரு வாரத்தில் முன்பணம் கேட்கிறார்.

ஸ்பேனர்பிடி

ஹெட் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அது எளிது. இசட்ஏ என்றால் ஜாகுவாரின் பெரிய நான்கு கதவு கார் மார்க் டென் சலூனின் என்ஜின். அதுவும் 3.8 லிட்டர், மூன்று எஸ்யூ கார்புரேட்டர், ஹெட்டும் ஈ-டைப்பில் உள்ள அதே வகை. அதனால் அப்படியே தூக்கி உட்கார வைக்கலாம். பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். கூலன்ட்டை ஒழுங்காக மாற்றாமல் ஓட்டினால் ஹெட்டின் நீர்ப்பாதை அரித்துவிடும். அப்படிப் போன வண்டிக்குக் கைக்குக் கிடைத்த மார்க் டென் ஹெட்டைப் போட்டிருப்பார்கள்.

-8, -9 இரண்டும் கம்ப்ரஷன் விகிதம், அதாவது சிலிண்டருக்குள் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது. அதை முடிவு செய்வது பிஸ்டன், ஹெட் இல்லை. ஆகவே -8 என்று அடித்த ஹெட் இருப்பதாலேயே என்ஜின் மந்தமாகிவிடாது. ஆனால் "எல்லா நம்பரும் ஒத்துப்போகும்" என்ற பேச்சு இங்கேயே முடிந்தது.

பழையபட்டறை

தம்பி, எனக்கு ஹெட் கவலை இல்லை, தரைதான் கவலை.

ஈ-டைப்பின் அமைப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் 1955, 56, 57 மூன்று வருடமும் ஜெயித்த டி-டைப் பந்தயக் காரின் வழி வந்தது அது. நடுவில் தகடுகளை வெல்ட் செய்த கூடு. அதன் முன்னால் சதுரக் குழாய்களால் ஆன ஃபிரேம், என்ஜினைத் தாங்குவது அதுதான். இரண்டையும் இணைப்பது நட்டும் போல்ட்டும். சேஸிஸ் எண்ணைப் பஞ்ச் அடித்திருப்பது அந்த முன் ஃபிரேமில், வலது ஷாக் அப்சார்பர் மாட்டும் இடத்துக்கு மேலே. அதாவது, வண்டியின் அடையாளமே கழற்றி மாட்டக்கூடிய ஒரு துண்டில் இருக்கிறது. ஒரு 1961 ஃபிரேமைக் கழற்றி 1963 கூட்டில் மாட்டிவிட்டால், சேஸிஸ் எண்ணை மட்டும் பார்க்கிறவருக்கு அது 1961 வண்டிதான். பாடி எண் கூட்டுக்குச் சொந்தமானது. அந்தத் தகடு இல்லாதது அதனால்தான் எனக்கு உறுத்துகிறது.

இன்னொன்று, ரோட்ஸ்டரின் பாடி எண்ணும் 'ஆர்' என்றுதான் தொடங்கும், நிலையான கூரை உள்ள கூப்பேக்கு 'வி'. சான்றிதழில் பாடி எண்ணையும் என்ஜின் எண்ணையும் மாற்றிப் படித்துக் குழம்புகிறவர்கள் உண்டு. மறுபடி ஒரு முறை சரிபாருங்கள்.

இப்போது தரை. உயரமானவர்களுக்குக் கால் நீட்ட இடமில்லை என்ற குறை வந்ததால் 1962-ல் தரையைப் பள்ளமாக்கினார்கள். அப்புறம் சீட்டைப் பின்னால் தள்ள இடம் வேண்டும் என்று, சீட்டுக்குப் பின்னால் இருக்கும் குறுக்குச் சுவரிலும் குழிவு கொடுத்தார்கள். ஈ-டைப்பில் முதலில் துருப்பிடிப்பது தரை. டிங்கரிங் செய்கிறவர் பிந்தைய தரைத் தகட்டை வாங்கி வெல்ட் செய்திருக்கலாம், அது குற்றமில்லை. ஆனால் பின் சுவரை யாரும் அவ்வளவு எளிதில் மாற்றுவதில்லை. சீட்டைக் கழற்றி கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். சுவர் நேராக இருந்தால் தரை மட்டும் மாறியிருக்கிறது. குழிவு இருந்தால் கூடே வேறு வண்டியுடையதாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

ஏடுபுரட்டி

சான்றிதழைப் பற்றி ஒன்று. தொழிற்சாலையின் பழைய பதிவேட்டைப் பார்த்து எழுதித் தருவது அது. 1961-ல் அந்த எண்ணோடு என்ன வெளியே போனது என்று மட்டும்தான் சொல்லும். இன்று உங்கள் முன்னால் நிற்பது எது என்று அது சொல்லாது. வாங்குகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள், தயவுசெய்து கவனம்.

எண்களைப் பார்க்கும்போது உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பெயிண்ட் ரிமூவர், மென்மையான பிரஷ், பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்த விளக்கு போதும். கையால் ஒவ்வொரு எழுத்தாக அடித்தது கொஞ்சம் ஏறி இறங்கித்தான் இருக்கும். எண்ணைச் சுற்றி மட்டும் உலோகம் வழவழப்பாக, லேசாகத் தாழ்ந்து தெரிந்தால் பழையதை கிரைண்டரில் தேய்த்துவிட்டுப் புதிதாக அடித்திருக்கலாம்.

நிறத்தையும் தேடுங்கள். ஈ-டைப்பின் முன் ஃபிரேமுக்கும் பாடி நிறத்தையேதான் அடிப்பார்கள். ஃபிரேமிலும் கூட்டிலும் சிவப்புக்கு அடியில் ஒரே நீலம் வந்தால் அது பெரிய சாட்சி.

நீலத்தேடல்

இன்று மறுபடி போனேன். விற்பவர் முகம் சுளித்தாலும் சீட்டைக் கழற்ற விட்டார்.

பின் சுவர் நேராக இருக்கிறது! தரைக்கும் பக்கவாட்டுத் தகட்டுக்கும் நடுவில் புது வெல்டிங் வரிசை, விரல் வைத்தாலே மேடு தெரிகிறது. பழைய தரையின் ஓரம் ஒரு விரல் அகலத்துக்கு வெட்டாமல் விடப்பட்டிருக்கிறது.

டாஷ்போர்டுக்குப் பின்னால், ஒயர் கட்டுக்கு மேலே, உள்ளங்கை அளவுக்கு சிவப்பு படவே இல்லை. கருநீலம், டார்ச் பட்டதும் உள்ளே வெள்ளிப்பொடி மினுங்கியது. பிறகு முன் ஃபிரேமில் ஒரு போல்ட்டின் வாஷரைக் கழற்றினோம். அதற்கு அடியில் வளையமாக அதே நீலம். கை நடுங்கிவிட்டது, உண்மையாகவே.

சேஸிஸ் எண்ணைச் சுற்றித் தேய்த்த தடம் இல்லை. பாடி தகடு பற்றி அவருக்குத் தெரியவில்லை.

பழையபட்டறை

அப்படியானால் கூடும் ஃபிரேமும் ஒன்றாகவே பிறந்தவை என்று நான் நம்புகிறேன். தரையும் ஹெட்டும் ரிப்பேரில் மாறியவை. நல்ல வண்டி. ஆனால் விலை "மாசு மருவில்லாத" வண்டியின் விலையாக இருக்கக் கூடாது.

ஏடுபுரட்டி

பாகம் மாறினால் வண்டியே மாறிவிடுமா என்ற வழக்கு லண்டன் உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1929, 1930 இரண்டு வருடமும் லெ மான்ஸில் ஜெயித்த பென்ட்லி, 'ஓல்ட் நம்பர் ஒன்'. முதலில் இருந்த பாகங்களில் பெரும்பகுதி காலப்போக்கில் மாறிவிட்டது, அதனால் அது அந்த வண்டியே இல்லை என்று வாங்க ஒப்புக்கொண்டவர்கள் வாதாடினார்கள். 1990-ல் வந்த தீர்ப்பு, அதன் வரலாறு அறுபடாமல் தொடர்கிறது, அந்தப் பெயருக்கு அது உரியதுதான் என்றது.

ஆகவே அறுபடாத தொடர்ச்சியைக் கேளுங்கள். பழைய பதிவுச் சீட்டுகள், மைல் கணக்கு எழுதிய சர்வீஸ் பில்கள், நம்பர் பிளேட் தெரியும் படங்கள், எதுவானாலும் சரி. எந்த வருடங்களுக்குக் காகிதம் இல்லை என்று ஒரு தாளில் குறியுங்கள், அந்த இடைவெளியைப் பற்றி மட்டும் கேள்வி கேளுங்கள்.

நீலத்தேடல்

ஹெட் மார்க் டென்னுடையது, தரை பிற்பாடு மாற்றியது, பாடி தகடு இல்லை, இந்த மூன்றையும் விற்பனைப் பத்திரத்தில் எழுதித் தருகிறேன் என்று விற்பவர் ஒப்புக்கொண்டார். விலையும் இறங்கியது. தரை போட்ட பட்டறையின் பில்லைத் தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பெரியவருக்கும் மற்றவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. தகடு மட்டும் புதிதாகச் செய்து மாட்டிவிடலாமா?

பழையபட்டறை

வேண்டாம் தம்பி. புதுத் தகட்டை அடித்தால் நாளைக்குப் பார்க்கிறவன் மற்ற எண்களையும் சந்தேகப்படுவான். அந்த இரண்டு ஓட்டைகளையும் அப்படியே விடுங்கள். டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் நீலத்தின் மேலும் யாரையும் பெயிண்ட் அடிக்க விடாதீர்கள்.