ஒளி சிகிச்சையில் மனசை விட்டுப் போகாத ஒரு கேஸ் சொல்லுங்க

தோல்_ஓபி
சோரியாசிஸ் என்று எழுதி அனுப்பப்பட்ட பெண். நேரோபேண்ட் யுவிபி (311 நானோமீட்டரை ஒட்டிய புற ஊதாக் கதிர்), சதுர செ.மீ.க்கு 280 மில்லிஜூலில் தொடக்கம், தடவைக்கு 20 சதவீதம் ஏற்றம், ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டாம் வாரமே தடிப்பு இரட்டிப்பு. தடிப்பு உட்கார்ந்திருந்த இடம்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது: கழுத்தின் வி, முன்கையின் வெளிப்புறம். தாடையின் நிழல் விழும் இடம் சுத்தம். சோரியாசிஸ் வழக்கமாக உட்காரும் தலையிலும் முழங்கையிலும் முட்டியிலும் ஒன்றுமே இல்லை. ஆன்டி-ரோ (ரோ புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி) பாசிட்டிவ் வந்தது, சப்அக்யூட் லூபஸ்: உடலின் எதிர்ப்புச் சக்தியே தோலைத் தாக்கும் நோய்.

சோரியாசிஸில் யுவிபி தோலிலிருக்கும் டி செல்களைச் சாகடித்து அழற்சியை அடக்கும். லூபஸில் அதே கதிர் ரோ புரதத்தைச் செல்லின் மேற்பரப்புக்குக் கொண்டுவந்து, ஆன்டிபாடிக்கு இலக்காக்கிவிடும். லூபஸ்காரர்களுக்கு ஒளியே கூடாது, அவ்வளவுதான்.

நானோமீட்டர்
"ஒளியே கூடாது" என்பதை ஏற்க முடியாது டாக்டர். எந்த ஒளி? நெதர்லாந்தில் லூபஸ் நோயாளிகளுக்கே யுவிஏ1 (340–400 நானோமீட்டர் புற ஊதாக் கதிர்) குறைந்த அளவில், சதுர செ.மீ.க்கு 6 ஜூல் கொடுத்துப் பார்த்தார்கள். நோயின் வேகம் குறைந்தது. சிறிய ஆய்வுதான், வீட்டில் முயலக் கூடாது. ஆனாலும் அலைநீளத்தை எழுதாமல் "ஒளி" என்று மட்டும் எழுதினால் 311-க்கும் 340-க்கும் வித்தியாசமே இல்லாமல் போகும்.

பிசியோ_எல்போ
சார்ட்டில் "100 ஜூல்" என்று பார்த்தது இன்னும் உறுத்துகிறது. டென்னிஸ் எல்போ, 904 நானோமீட்டர் பல்ஸ் லேசர். மெஷின் ஸ்டிக்கரில் 10 வாட், புள்ளிக்கு 10 நொடி, பெருக்கி எழுதிவிட்டார்கள். கடைசியில் "லேசரால் பலனில்லை" என்று ஃபைல் மூடப்பட்டது.

அந்த 10 வாட் உச்சத் திறன். பல்ஸ் நீளம் 200 நானோநொடி, நொடிக்கு 5000 பல்ஸ். மூன்றையும் பெருக்கினால் சராசரி 10 மில்லிவாட்தான். பத்து நொடியில் தோலுக்குப் போனது 0.1 ஜூல். எழுதியதில் ஆயிரத்தில் ஒரு பங்கு!

லேசர் ஆய்வுகள் ஏன் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன என்று கேட்பவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும். குறைந்தால் வேலை செய்யாது. கூடினாலும் பலன் தேயும், சில சமயம் எதிர்விளைவே வரும். பவர் மீட்டரில் முனையின் சராசரித் திறனை அளந்து எழுதுங்கள். சராசரித் திறன், கற்றையின் பரப்பு, நொடி, புள்ளிகள் நான்கும் இல்லாத பதிவு பதிவே அல்ல. முனையில் காய்ந்த ஜெல் இருந்தால் ஸ்பிரிட்டில் துடையுங்கள். தோலோடு அழுத்திப் பிடியுங்கள், இடைவெளி விட்டால் ஒரு பகுதி சிதறிவிடும். நோயாளி, சிகிச்சை தருபவர் இருவருக்கும் அந்த அலைநீளத்துக்கான கண்ணாடி கட்டாயம்.

டியூப்_மாற்றி
லேசரை விடுங்கள், நோயாளி உள்ளே நிற்கும் யுவிபி டியூப் சேம்பரிலும் இதே கதைதான். பழைய டியூப் 2.5 மில்லிவாட், 500 மில்லிஜூலுக்கு 200 நொடி. டியூப் மாற்றியதும் 5 மில்லிவாட். டைமரை யாரும் தொடவில்லை. போனது 1000. வெளியே வரும்போது ஒன்றும் தெரியாது. மறுநாள் காலை முதுகு முழுக்கச் சிவப்பு, இடுப்பு எலாஸ்டிக் இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு.

டியூப்பை ஐந்து நிமிடம் சூடேற்றி, 311-க்கு அளவுதிருத்தம் செய்த மீட்டரில் அளக்க வேண்டும். பிராட்பேண்ட் சென்சார் தப்பாகக் காட்டும். நோயாளி சாலிசிலிக் களிம்பு பூசி வந்தால் கழுவச் சொல்லுங்கள், அது யுவிபியைக் குடித்துவிடும்.

நரம்பியல்_வார்டு
ஆஸ்திரேலியாவின் பெர்த் ஆய்வின் பிரதியோடு ஒரு எம்எஸ் (மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ், மூளை-தண்டுவட நரம்புகளின் உறை கெடும் நோய்) நோயாளி வந்து யுவிபி கேட்டார். அதில் இருந்தது 20 பேர், அதுவும் முதல் தாக்குதல் மட்டும் வந்தவர்கள். பாதிப் பேருக்கு எட்டு வாரத்தில் 24 தடவை. ஓராண்டில் ஒளி பெறாத எல்லோருக்கும் எம்எஸ் உறுதியானது, பெற்றவர்களில் 70 சதவீதம். புள்ளியியல்படி இது போதாது. "ஒளி எம்எஸ்ஸைத் தடுக்கும்" என்று சொல்லவே முடியாது.

சோரியாசிஸும் சேர்ந்திருந்து சேம்பருக்குள் விட நேர்ந்தால் ஃபேன் ஓடுகிறதா பாருங்கள். உடல் சூடேறினால் இவர்களுக்குப் பார்வை மங்கும், கால் தளரும். உள்ளே கைப்பிடி இருக்க வேண்டும், கதவை உள்ளிருந்தே தள்ளித் திறக்க முடிய வேண்டும்.