உதவி: உயில் செல்லுமா, செட்டில்மென்ட் செல்லுமா? அவசரம்

வடசென்னைப் பெண் (14.06.2024, இரவு 11.40)
அப்பா தவறி 40 நாள் ஆகிறது. வீடு மூன்று பிள்ளைகளுக்கும் சமபங்கு என்று 2019-இல் உயில் எழுதி ரெஜிஸ்டரும் செய்திருக்கிறார். இப்போது அண்ணன், 2012-லேயே எனக்குச் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டார் என்கிறான். கடைசியாக எழுதியதுதானே செல்லும்? வில்லங்கம் போட்டுப் பார்த்தால் உயில் அதில் வரவே இல்லை. பயமாக இருக்கிறது.

மூலக்கொத்தளம் மணி
வீடு எந்த ஏரியா சகோதரி? அப்பா சம்பாதித்து வாங்கியதா, தாத்தா வழி வந்ததா? வில்லங்கத்தில் அந்த 2012 செட்டில்மென்ட் இருக்கிறதா?

ராயபுரம் ரவி
தாய்ப்பத்திரம் யார் கையில்? முதலில் அதை வாங்கி பீரோவில் பூட்டுங்கள். என் மாமா வீட்டை அப்படித்தான் காப்பாற்றினோம்.

பத்திரப்புலி
மாதம் ஒருவர் இதையே கேட்கிறார். பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் வழக்கம் யாருக்கும் கிடையாது. கடைசியாக எழுதியது செல்லும் என்பது இரண்டு உயில்களுக்கு நடுவில். உயிலுக்கு, எழுதியவர் கண்ணை மூடிய பிறகுதான் உயிர். செட்டில்மென்ட் அன்றைக்கே கை மாற்றிவிடும். 2012-இல் கொடுத்தாயிற்று என்றால் 2019-இல் எழுதிவைக்க அவரிடம் வீடு ஏது? ரவி, பீரோவில் பூட்டினால் உரிமை வராது. மனு போட்டால் யாருக்கும் நகல் கிடைக்கும்.

மூலக்கொத்தளம் மணி
புலி சொல்வது சரி, சொல்லும் விதம்தான் அவருக்கே உரியது. உயில் வில்லங்கத்தில் வராததற்குப் பயப்படாதீர்கள். உயில் பதிவாவது ரெஜிஸ்டர் ஆபீஸின் 3-ஆம் புத்தகத்தில். வில்லங்கச் சான்று 1-ஆம் புத்தகத்திலிருந்து வருவது. செட்டில்மென்ட் 1-ஆம் புத்தகம், பதிவு கட்டாயம். பதிவாகாமல் வெறும் முத்திரைத்தாளில் எழுதியது என்றால் அண்ணன் பேச்சு எடுபடாது.

வடசென்னைப் பெண்
மன்னிக்கவும், போனில் அடிக்கிறேன். காலடிப்பேட்டை. அப்பா 1986-இல் வாங்கியது. செட்டில்மென்ட் வில்லங்கத்தில் இருக்கிறது, சொல்ல மறந்துவிட்டேன்.

பத்திரப்புலி
அதைத்தான் முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டும்.

ராயபுரம் ரவி
எப்படியும் சென்னை வீட்டு உயிலுக்கு ஐகோர்ட்டில் புரொபேட், அதாவது உயில் உண்மை என்ற கோர்ட் சான்று, வாங்கியாக வேண்டும். [பின்குறிப்பு: இந்தக் கட்டாயம் 2025-இல் நீக்கப்பட்டது.]

மின்ட் தெரு முருகன்
காலடிப்பேட்டை எப்போது சென்னை ஆனது? அது திருவொற்றியூர்.

தேரடி தேவா
2011-லேயே மாநகராட்சியில் சேர்த்தாயிற்று, 2018-இல் சென்னை மாவட்டமும் ஆயிற்று. வரி வாங்க மட்டும் நாங்கள் சென்னையா?

மின்ட் தெரு முருகன்
கோபப்படாதீர்கள். மாநகராட்சி எல்லை வேறு, ஐகோர்ட் நேரடியாக வழக்கு எடுக்கும் அசல் எல்லை வேறு.

தேரடி தேவா
எல்லையை மின்ட் தெருவில் உட்கார்ந்து போட்டீர்களா?

மூலக்கொத்தளம் மணி
அண்ணன்மாரே, உயிலில் அந்த வீடே இல்லை என்று ஆகிவிட்டால் புரொபேட் எதற்கு? சகோதரி, செட்டில்மென்டின் சான்றிட்ட நகல் வாங்குங்கள். தலைப்பை விடுங்கள், வாசகத்தைப் பாருங்கள். "இன்று முதல் சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று இருந்தால் வீடு அன்றே போய்விட்டது. "என் ஆயுளுக்குப் பிறகே நீ அடைய வேண்டியது" என்று மட்டும் இருந்தால், மேலே செட்டில்மென்ட் என்று போட்டிருந்தாலும் கோர்ட் அதை உயிலாகவே எடுத்துக்கொள்ளலாம். அப்போது 2019 முந்தும். ரத்து செய்யும் உரிமையை அப்பா தன்னிடம் வைத்துக்கொண்டாரா என்றும் பாருங்கள்.

தேரடி தேவா
பெற்றவரைக் கவனிக்காத பிள்ளையிடமிருந்து திரும்ப வாங்க 2007-இல் ஒரு சட்டம் வந்ததே?

பத்திரப்புலி
அது கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தவர் உயிரோடிருந்து கேட்க வேண்டியது.

வடசென்னைப் பெண் (26.06.2024)
நகல் வந்தது. "இன்று முதல்" என்றுதான் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் ஆயுள் வரை குடியிருக்கலாம் என்று மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி. ரத்து பற்றி எதுவும் இல்லை. நாளை வக்கீலைப் பார்க்கிறோம். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. எல்லோருக்கும் நன்றி.

மூலக்கொத்தளம் மணி
அந்த ஒரு வரியை அம்மாவுக்கு முதலில் படித்துக் காட்டுங்கள். வீட்டை விட்டு அவரை யாரும் அனுப்ப முடியாது. உயிலில் பாங்கிப் பணம், நகையும் எழுதியிருந்தால் அதற்கு உயில் அப்படியே நிற்கிறது.

மின்ட் தெரு முருகன்
தேவா, ஐகோர்ட் எல்லையைச் சொல்லும் 1927 சட்டம் ஒன்று இருக்கிறது, தேடிப் பாருங்கள்.