நடுக்காதுல நீர் கோத்திருக்காம். நடுக்காதோட வேலைதான் என்ன?

பாலக்கோடு தக்காளிக்காரன்:
ரெண்டாவது படிக்கிற பையன் ரெண்டு மாசமா டிவி சத்தத்தை ஏத்திக்கிட்டே போறான். பின்னாடி நின்னு கூப்பிட்டா திரும்பறதில்ல. தர்மபுரியில டாக்டர்கிட்ட காட்டினோம். சளியால நடுக்காதுல நீர் கோத்திருக்கு, பெரும்பாலும் தானா வத்திடும், 6 வாரம் கழிச்சு வாங்கன்னார். எங்கம்மா பூண்டு போட்டுக் காய்ச்சின எண்ணெயோட நிக்குது. உள்காதுல எப்பவும் தண்ணிதான்னு பொண்ணு புத்தகத்தைக் காட்டுது. அங்க தண்ணி இருந்தா கேக்குமாம், முன் ரூம்ல இருந்தா கேக்காதாம். என்னங்க கணக்கு இது?

ஓய்வு வாத்தியார், காவேரிப்பட்டணம்:
தம்பி, கிணத்துல முங்கியிருக்கியா? மேட்டுல ஒருத்தன் தொண்டை கிழியக் கத்தினாலும் உள்ள லேசாத்தான் கேக்கும். காத்துல வர்ற சத்தம் தண்ணியில பட்டா ஆயிரத்துல ஒரு பங்குதான் இறங்கும், மிச்சம் எகிறிடும். உள்காதும் அப்படி ஒரு கிணறுதான். சத்தத்தை அதுக்குள்ள இறக்கத்தான் நடுக்காது.

செவிப்பறைக்குப் பின்னாடி சுத்தி, பட்டடை, அங்கவடின்னு மூணு எலும்பு. அங்கவடி 3 மி.மீ. தான், நொய்யரிசி மாதிரி. பறையில அதிர்ற பரப்பு சுமார் 55 சதுர மி.மீ., அங்கவடி அழுத்துற உள்காது ஜன்னல் 3 சொச்சம். மாடு கட்டற முளையைத் தலையில அடிச்சா கூர் மண்ணுல இறங்குதே, அதே சங்கதி. எலும்புங்க நெம்பறதும் சேர்ந்து அழுத்தம் சுமார் 20 மடங்கு ஏறும். ஆனா அந்த ரூம்ல காத்து இருந்தாத்தான் இதெல்லாம். நீர் நின்னா, சேத்து வயல்ல நடக்கிற கணக்கா பறையும் எலும்பும் அசைய முடியாம தவிக்கும்.

எண்ணெய் வேண்டாம். பறை குறுக்க நிக்குது, அந்தப் பக்கம் போகாது. போச்சுன்னா பறையில ஓட்டைன்னு அர்த்தம், அது இன்னும் வம்பு. பூண்டை ரசத்துல போடச் சொல்லு.

வத்தல்மலை வேன்:
சளி பிடிச்சா மலை இறங்கறப்ப கொண்டை ஊசிக்குக் கொண்டை ஊசி காது அடைக்குது சார். எச்சில் முழுங்கினா ‘டப்’புனு விடுது. அதுவும் இந்த ரூம்தானா?

ஓய்வு வாத்தியார், காவேரிப்பட்டணம்:
அதேதான். மூக்குக்குப் பின்னாடியிருந்து அங்க ஒரு குழாய் போகுது. முழுங்கினா, கொட்டாவி விட்டா திறந்து காத்து விடும். சளியில வீங்கி மூடிக்கும். சின்னப் பசங்களுக்கு அது குட்டை, படுக்கைவாட்டம் வேற, அதான் நீர் தங்குது. தக்காளித் தம்பி, பையனை முன் பெஞ்சுல உக்கார வைக்கச் சொல்லு.

பாலக்கோடு தக்காளிக்காரன்:
சொல்லிட்டேன் சார். எண்ணெயை அம்மா முட்டிக்குத் தேச்சுக்கிச்சு. கூப்பிட்டா திரும்பலன்னு போன மாசம் அவன் காதைத் திருகினவன் நான்தான்.