பேத்தி சொன்ன ‘அழுந்தேன்’: மனித மொழி பிறந்தது எப்படி?

பள்ளத்தூர் ஆச்சி:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் இருக்கும் என் மகள் விடுமுறைக்குப் பேத்தியுடன் வந்திருக்கிறாள். பேத்திக்கு மூன்று வயது முடிந்து நான்கு மாதம் ஆகிறது. முந்தாநாள் வளவில் ஓடும்போது தடுக்கி விழுந்தவள், பட்டாலையில் உட்கார்ந்திருந்த என்னிடம் ஓடிவந்து, “ஆயா, நான் விழுந்தேன், அழுந்தேன்” என்றாள். எங்கள் வீட்டில் எவரும் ‘அழுந்தேன்’ என்று சொல்வதில்லை. ‘அழுதேன்’ என்று திருத்தினேன், திருப்பிச் சொன்னாள். சற்று நேரத்தில் மீண்டும் ‘அழுந்தேன்’ என்றே சொன்னாள்.

யாரும் சொல்லிக் கொடுக்காத ஒரு சொல்லை இவள் எங்கிருந்து எடுத்தாள் என்று அன்று இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்படியே, கேட்டுக் கற்றுக்கொள்ள ஆளே இல்லாத முதல் மனிதர்கள் எப்படிப் பேசத் தொடங்கியிருப்பார்கள் என்ற கேள்வியும் எழுந்தது. எங்கள் சம்பந்தி கீழடியைச் சான்று காட்டி, உலகில் முதலில் தோன்றிய மொழி தமிழே என்கிறார். எனக்கும் அப்படி நம்ப ஆசைதான். ஆனால் உண்மை எதுவென்று தெரிந்துகொள்ள வேண்டும். அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், காரைக்குடி:

ஆச்சி, அந்தச் சொல்லைப் பிழை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ‘விழு’ என்பது ‘விழுந்தேன்’ என்றும், ‘எழு’ என்பது ‘எழுந்தேன்’ என்றும் வருவதைக் கேட்ட குழந்தை, ‘அழு’ என்பதும் அப்படித்தான் வரவேண்டும் என்று தானாகவே கணக்குப் போட்டிருக்கிறது. அழு, தொழு, உழு ஆகியவை அழுதேன், தொழுதேன், உழுதேன் என வேறு தடத்தில் செல்பவை. இவற்றுள் தொழுவதும் உழுவதும் மூன்று வயதுக் குழந்தையின் காதில் எத்தனை முறை விழுந்திருக்கும்?

1958இல் ஜீன் பெர்கோ என்னும் அமெரிக்க ஆய்வாளர், உலகில் இல்லாத ஒரு பிராணியின் படத்தைக் குழந்தைகளிடம் காட்டி, அதற்கு ‘வக்’ என்று ஒரு கற்பனைப் பெயரும் இட்டு, இரண்டு இருந்தால் என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டார். அதுவரை ஒருமுறையும் கேட்டிராத அந்தச் சொல்லுக்குக் குழந்தைகள் பன்மை விகுதியைச் சேர்த்துச் சொன்னார்கள். இப்படியொரு சோதனையைத் தாங்களும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

முதல் மனிதர்களைப் பற்றிய கேள்வி கடினமானது. மண்ணைத் தோண்டினால் எலும்பு கிடைக்கும், பானை ஓடு கிடைக்கும், பேச்சு கிடைக்காது. ஆளுக்கொரு ஊகம் பெருகிய காரணத்தால், பாரிஸ் மொழியியல் கழகம் 1866இல் மொழியின் தோற்றம் பற்றிய கட்டுரைகளை ஏற்பதில்லை என்று தன் விதியிலேயே எழுதி வைத்தது. ஆயினும், ஒரு மொழி பிறந்து வளர்வதை ஆய்வாளர்கள் நேரில் கண்ட இடம் ஒன்று உண்டு. மத்திய அமெரிக்காவின் நிகரகுவா நாட்டுத் தலைநகர் மனாகுவாவில், 1977 முதல் காது கேளாத குழந்தைகள் ஒரு பள்ளியில் ஒன்றுசேர்க்கப்பட்டார்கள். அதுவரை அவரவர் வீட்டுக்குள் அவரவருக்கென்று சில சைகைகள் மட்டுமே அவர்களிடம் இருந்தன. ஆசிரியர்கள் உதட்டசைவைப் பார்த்து ஸ்பானிய மொழியைப் புரிந்துகொள்ளக் கற்பிக்க முயன்றார்கள். அது பெரிதாகப் பலன் தரவில்லை. ஆனால் விளையாட்டுத் திடலிலும் பள்ளிப் பேருந்திலும் குழந்தைகள் தமக்குள் சைகைகளைப் பரிமாறிக்கொள்ள, அவை கலந்து ஒரு பொதுமொழி உருவாயிற்று.

எனக்கு மிகவும் வியப்பளிப்பது அதற்கு அடுத்த கட்டம். ஒரு பொருள் உருண்டு கீழிறங்குவதைச் சொல்ல, முதலில் வந்த மாணவர்கள் கையைச் சுழற்றியபடியே கீழே இறக்கிக் காட்டினார்கள். நாம் பேசும்போது கை ஆட்டுவதும் அவ்வாறே. பின்னால் வந்த சிறுகுழந்தைகளோ ‘உருளுதல்’ என்று ஒரு சைகை, ‘கீழே’ என்று இன்னொரு சைகை எனப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார்கள். ஒரே படமாக இருந்ததைச் சொற்களாக உடைத்தவர்கள் குழந்தைகள். தங்கள் பேத்தி ‘விழுந்தேன்’ என்ற சொல்லை உடைத்து, அதன் ஒரு துண்டை எடுத்து ‘அழு’வோடு ஒட்டியதும் இதே திறமைதான்.

பேச்சுப் பயிற்சியாளர், புதுக்கோட்டை:

ஐயா சொன்னதோடு உடல் சார்ந்த செய்திகளையும் சேர்க்க விரும்புகிறேன். மனிதரின் குரல்வளை மற்றக் குரங்கினங்களைவிடக் கீழே இறங்கியிருக்கிறது. அதனால்தான் பேச்சு வந்தது என்று நீண்டகாலம் நம்பினார்கள். ஆனால் 2016இல் மக்காக் குரங்குகளின் தொண்டையை ஊடுகதிர்ப் படங்களால் அளந்து பார்த்தபோது, புரியும்படியான பேச்சுக்குப் போதுமான உயிரொலிகளை அந்தத் தொண்டையாலேயே எழுப்ப முடியும் என்று தெரிந்தது. குரங்குக்குக் குறைவது தொண்டையைவிட, அதை ஆளும் மூளை.

1983இல் இஸ்ரேலின் கெபாரா குகையில், சுமார் 60,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நியாண்டர்தால் மனிதரின் (நமக்கு நெருங்கிய, அழிந்துபோன மனித இனம்) நாக்கடியில் இருக்கும் லாட வடிவச் சிற்றெலும்பு கிடைத்தது. அது நம்முடையதைப் பெரிதும் ஒத்திருந்ததால், அவர்களும் பேசியிருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள். பேச்சுக் குறைபாடு தலைமுறைகளாகத் தொடர்ந்த ஒரு லண்டன் குடும்பத்தை ஆராய்ந்து, 2001இல் ஃபாக்ஸ்பி2 என்னும் மரபணுவைக் கண்டறிந்தார்கள். அதில் மனிதருக்கே உரியவை என்று கருதப்பட்ட இரு மாற்றங்களும் நியாண்டர்தால் மனிதரிடமும் இருப்பது 2007இல் தெரியவந்தது. பத்திரிகைகள் அதை ‘மொழி மரபணு’ என்று எழுதுவது மிகை. வாயசைவைச் சீராக இயக்கவும் அது வேண்டும், நுரையீரலின் வளர்ச்சிக்கும் வேண்டும். மொழி முழுவதையும் ஒரே மரபணுவின் தலையில் கட்டக் கூடாது.

தேவகோட்டை வாசகர்:

சம்பந்தி அவர்களின் கூற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கீழடி நம் சிவகங்கை மாவட்டத்துக்கே பெருமை. அங்கு கிடைத்த பானை ஓடுகளில் ‘ஆதன்’ போன்ற பெயர்கள் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் கீறப்பட்டுள்ளன. அதன் காலத்தைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை கொண்டுசெல்கிறார்கள். ஆனால் அது எழுத்துக்கான சான்று. மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்த நம் மனித இனத்து எலும்புகளுக்கு வயது சுமார் 3,00,000 ஆண்டுகள் என்று 2017இல் கணித்தார்கள். எழுத்து தோன்றி ஐயாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளே ஆகின்றன. அதற்கு முன் மனிதர் பேசிய எண்ணற்ற மொழிகள் ஒரு கீறலும் விடாமல் மறைந்துவிட்டன.

தமிழும் தனக்கு முந்தைய ஒரு மூலமொழியிலிருந்து மாறி வந்ததே. நம் ‘செவி’ கன்னடத்தில் ‘கிவி’. நம் ‘சேரி’ அங்கே ‘கேரி’. உறவுமொழிகள் பலவற்றை ஒப்பிட்டால், இச்சொற்களின் முதலில் இருந்தது ககரம் என்றும், தமிழில் அது சகரமாகத் திரிந்தது என்றும் தெரிகிறது. இந்த ஓர் இடத்தில் கன்னடமே பழமையைக் காத்திருக்கிறது. தென்மொழிகள் ஒரு குடும்பம் என்பதைச் சென்னையில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் 1816இலேயே எடுத்துக்காட்டினார். கால்டுவெல் 1856இல் விரிவாக நிறுவினார். அக்குடும்பத்தின் வயது ஏறத்தாழ 4,500 ஆண்டுகள் என்று 2018இல் ஓர் ஆய்வு கணித்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இடையறாத இலக்கியம் கொண்டு இன்றும் வீட்டில் பேசப்படும் மொழி என்பதே எனக்குப் போதிய பெருமை. உலகின் முதல் மொழி என்ற பட்டத்தைச் சான்றில்லாமல் சூட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

பள்ளத்தூர் ஆச்சி:

அனைவருக்கும் நன்றி. சம்பந்தியிடம் செவியையும் கிவியையும் சொன்னேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, கன்னடத்தில் இன்னும் இரண்டு சொற்கள் கேட்டுச் சொல்லும்படி கூறினார்.

ஆசிரியர் சொன்ன சோதனையை இன்று காலை செய்து பார்த்தேன். மரப்பாச்சியை முகப்புத் திண்ணையில் வைத்துச் சுற்றிவிட்டு, “பாரு, பொம்மை திழுவுது” என்றேன். நிறுத்திவிட்டு, “இப்ப பொம்மை என்ன செஞ்சுச்சு?” என்று கேட்டேன். சிறிதும் தயங்காமல், “திழுந்துச்சு, ஆயா” என்றாள்.